எங்கள் புத்தகங்களில் சிரிப்பும் இருக்கிறது

புத்தகக் கண்காட்சிக் காலம் வந்துவிட்டால் பட்டியல்களும் வந்துவிடும். "இந்த ஆண்டு வாங்க வேண்டிய பத்து நூல்கள்", "மனச்சோர்வு நீக்கும் ஐந்து நாவல்கள்", "நம்பிக்கை தரும் புத்தகங்கள்" என்று முகநூலிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் ஆளுக்கொரு பட்டியல் போடுகிறார்கள். நல்ல விஷயம்தான். யாரோ ஒருவர் கைகாட்டியதால்தான் நம்மில் பலரும் படிக்கவே வந்தோம்.

ஆனால் ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். தலித் எழுத்தாளர்களின் நூல்கள் எந்தப் பட்டியலில் வருகின்றன? "வலியைப் பேசும் நூல்கள்", "நெஞ்சை உலுக்கும் தன்வரலாறுகள்", "உங்களைத் தூங்கவிடாத புத்தகங்கள்". இவற்றில்தான் வருகின்றன. நம்பிக்கை தரும் நூல்களின் பட்டியலில் பாமாவின் பெயரை நான் பார்த்ததில்லை. வாய்விட்டுச் சிரிக்க வைக்கும் நாவல்களின் பட்டியலில் ராஜ் கௌதமனைப் பார்த்ததில்லை. மனசுக்குத் தெம்பு வேண்டும் என்றால் ஒரு கூட்டத்தாரின் புத்தகம், குற்ற உணர்ச்சி வேண்டும் என்றால் எங்கள் புத்தகம் என்று வாசிப்பிலும் ஊர் வேறு, சேரி வேறு என்று பிரித்து வைத்திருக்கிறார்கள்.

பட்டியல் போடுகிற யாரும் கெட்ட எண்ணத்தோடு இதைச் செய்வதில்லை. பெரும்பாலும் நம்மேல் அக்கறை உள்ளவர்களே செய்கிறார்கள். அதனால்தான் இதைப் பேச வேண்டியிருக்கிறது. பரிதாபம் என்பது மேலே நிற்பவர் கீழே பார்க்கும் பார்வை. கண்ணீர் விட்டுப் புத்தகத்தை மூடி வைக்கிற வாசகர், அதில் வரும் மனிதரைத் தனக்குச் சமமானவராக ஒரு நிமிடமாவது நினைத்தாரா என்பதுதான் கேள்வி. ஒருவரோடு சேர்ந்து அழுவதைவிட, அவர் சொல்லும் பகடிக்குச் சேர்ந்து சிரிப்பது கடினம். சிரிப்பதற்கு அவருடைய அறிவை மதிக்க வேண்டும். சில நேரம் அந்தப் பகடி நம்மைப் பற்றியதாகவும் இருக்கும்.

இந்தப் பழக்கம் எழுதுகிறவர்களையும் பாதிக்கிறது. எழுத வரும் தலித் இளைஞரிடம் சந்தை எதிர்பார்ப்பது காயத்தை. "உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்" என்றால் அதற்கு அர்த்தம், "உங்களை யார் எப்படி அவமானப்படுத்தினார்கள் என்று எழுதுங்கள்" என்பதுதான். அவர் துப்பறியும் கதை எழுதினாலோ காதல் கதை எழுதினாலோ அதைத் தலித் எழுத்து என்று யாரும் கையில் எடுப்பதில்லை. அவமானத்தை எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. அதை மட்டுமே எழுது என்று சொல்லும் உரிமை யாருக்கும் கிடையாது என்கிறேன்.

அண்மையில் வந்த ஒரு நல்ல செய்தியிலிருந்து இதைப் பார்க்கலாம்.

2025 மே மாதம் பானு முஷ்தாக் எழுதிய 'ஹார்ட் லாம்ப்' சிறுகதைத் தொகுப்புக்குச் சர்வதேச புக்கர் பரிசு கிடைத்தது. கன்னடத்திலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர் தீபா பஸ்தி. 50,000 பவுண்டு பரிசுத் தொகையை எழுத்தாளரும் மொழிபெயர்ப்பாளரும் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வது இந்தப் பரிசின் விதி. கன்னட நூல் ஒன்றுக்கு இந்தப் பரிசு கிடைத்தது இதுவே முதல்முறை. சிறுகதைத் தொகுப்புக்குக் கிடைத்ததும் இதுவே முதல்முறை. தொகுப்பில் உள்ள 12 கதைகள் 1990 முதல் 2023 வரை எழுதப்பட்டவை.

நமது ஊடகங்கள் இதைத் "தென்னிந்தியாவுக்குப் பெருமை" என்று ஒரு வரியில் முடித்துக்கொண்டன. அந்தப் பெண் எங்கிருந்து வந்தார் என்பதைப் பலர் சொல்லவில்லை. அவர் ஹாசனில் வழக்கறிஞர். லங்கேஷ் பத்திரிகையில் செய்தியாளராக வேலை செய்தவர். எல்லாவற்றுக்கும் மேலாக, பண்டாய இலக்கிய இயக்கத்தில் வளர்ந்தவர். பண்டாயம் என்றால் கன்னடத்தில் கலகம். 1979-இல் கன்னட சாகித்திய சம்மேளனத்தில் தலித் இலக்கியத்துக்கு ஓர் அமர்வு ஒதுக்குங்கள் என்று கேட்டார்கள். மறுக்கப்பட்டது. கேட்டவர்கள் கெஞ்சிக்கொண்டு நிற்கவில்லை. தனியாக மாநாடு கூட்டினார்கள். அங்கிருந்து கிளம்பியதுதான் பண்டாய இயக்கம். தலித்துகளும் முஸ்லிம்களும் பெண்களும் ஒரே மேடைக்கு வந்து எழுதிய காலம் அது. தலித் இலக்கியத்துக்கு ஒரு நாற்காலி தர மறுத்தபோது பிறந்த இயக்கத்தில் வளர்ந்த ஒரு முஸ்லிம் பெண், நாற்பத்தாறு ஆண்டுகள் கழித்து லண்டன் மேடையில் நின்றார். எனக்கு இதைவிடத் தெம்பு தரும் புத்தகச் செய்தி அண்மையில் இல்லை.

அவருடைய கதைகளை நடுவர்கள் பாராட்டியபோது அவற்றின் நகைச்சுவையையும் சேர்த்தே பாராட்டினார்கள். மதத்தின் பெயரால் பெண்களை நசுக்கும் ஆண்களை அவர் கேலி செய்கிறார். அந்தக் கேலியில்தான் அவர்களுடைய அதிகாரம் சின்னதாகிப் போகிறது. அதே ஆண்டு மைசூரு தசராவைத் தொடங்கி வைக்க அவரை அழைத்தபோது, ஒரு முஸ்லிம் எப்படித் தொடங்கி வைக்கலாம் என்று சிலர் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். மனு தள்ளுபடி ஆனது. அவர் செப்டம்பர் 22 அன்று தொடங்கி வைத்தார். உலகமே கைதட்டினாலும் உள்ளூரில் வாசலில் நிறுத்திப் பெயரையும் மதத்தையும் விசாரிப்பார்கள் என்பது நமக்குப் புதிதில்லை. அவர் உள்ளே போனார் என்பதுதான் செய்தி.

இனி என் பட்டியல். மனசைத் தூக்கி நிறுத்தும் புத்தகங்கள் என்று கேட்பவர்களுக்கு இவற்றைச் சொல்கிறேன்.

முதலில், அதே கன்னட மண்ணிலிருந்து சித்தலிங்கையாவின் தன்வரலாறு. 'ஊரு கேரி' என்ற கன்னட நூலைப் பாவண்ணன் 'ஊரும் சேரியும்' என்று தமிழில் தந்திருக்கிறார். தலித் சங்கர்ஷ சமிதியை உருவாக்கியவர்களில் ஒருவரும் கவிஞருமான சித்தலிங்கையா 2021-இல் கொரோனாவுக்குப் பலியானார். நூலின் தொடக்கத்தில் ஒரு காட்சி வரும். நிலத்தில் இரண்டு ஆட்கள் மாடுகளைப்போல நுகத்தடியைத் தோளில் சுமந்து இழுக்க, மூன்றாவது ஆள் ஏர் ஓட்டுகிறார். சின்னப் பையனுக்கு அது வேடிக்கையாக இருக்கிறது. இழுப்பவர்களில் ஒருவர் தன் அப்பா என்று தெரியும்வரை. இதை எழுதியவர் அதற்குமேல் ஒப்பாரி வைக்கவில்லை. நகர்ந்து போய் விடுதி வாழ்க்கையையும் பேய்க் கதைகளையும் கூட்டங்களையும் தன் அசட்டுத்தனங்களையும் சொல்லி வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கிறார். அந்தச் சிரிப்பு அப்பாவின் தோளில் இருந்த நுகத்தடியை மறைக்கவில்லை. அதைச் சுமந்தவரின் மகன் தோற்றுப்போகவில்லை என்று காட்டுகிறது.

இரண்டாவது, பாமா. எல்லோரும் 1992-இல் வந்த 'கருக்கு' பற்றியே பேசுகிறோம். பேச வேண்டிய நூல்தான். ஆனால் 1994-இல் வந்த 'சங்கதி'யையும் 1996-இல் வந்த 'கிசும்புக்காரன்' சிறுகதைகளையும் எடுத்துப் படியுங்கள். 'சங்கதி'யில் கதாநாயகி என்று ஒருத்தி இல்லை. வெள்ளையம்மாக் கிழவி முதல் சின்னப் பெண்கள் வரை தெருவே பேசுகிறது. அடியும் உதையும் உண்டு. அதற்கு மேலாக வாய் உண்டு, பாட்டு உண்டு, எதிர்ப்பேச்சு உண்டு. 'கிசும்புக்காரன்' தொகுப்பில் 'அண்ணாச்சி' என்று ஒரு கதை. நிலக்காரரைப் பணிந்து கூப்பிடாமல் "அண்ணாச்சி" என்று உறவு சொல்லிக் கூப்பிட்டுவிட்ட ஓர் இளைஞனைப் பற்றியது. ஒரு சொல்லில் ஊரே ஆடிப்போகிறது. எங்கள் பகுதியில் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சத்தமாகப் படித்துக் காட்டினோம். அந்த இடம் வந்ததும் ஒரு பையன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அது கதை புரிந்ததற்கான சிரிப்பு மட்டுமில்லை. அடுத்த ஒரு வாரத்துக்கு எல்லாப் பிள்ளைகளும் எல்லோரையும் அண்ணாச்சி என்றே கூப்பிட்டார்கள்.

இந்த பாமாவின் 'சங்கதி'யைத்தான் 2021-இல் டெல்லி பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கினார்கள். கூடவே கவிஞர் சுகிர்தராணியின் கவிதைகளும் மகாசுவேதா தேவியின் 'திரௌபதி' கதையும் போயின. அழுதுகொண்டே இருக்கும் தலித் பெண்ணால் யாருக்கும் தொந்தரவு இல்லை. எதிர்த்துப் பேசுகிறவளும் தன் உடலைத் தன்னுடையது என்கிறவளும்தான் பாடத்திட்டத்துக்கு ஆகாதவர்கள் ஆகிறார்கள்.

மூன்றாவது, பாமாவின் அண்ணன் ராஜ் கௌதமன் எழுதி 2002-இல் வந்த 'சிலுவைராஜ் சரித்திரம்'. 2024 நவம்பரில் அவர் மறைந்தபோது ஆய்வாளர் ராஜ் கௌதமனுக்குப் பலரும் அஞ்சலி எழுதினார்கள். சங்க இலக்கியம் முதல் அயோத்திதாசர் வரை அவர் செய்த ஆய்வுகள் அதற்கு உரியவைதான். நாவலாசிரியர் ராஜ் கௌதமன் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. தன் வாழ்க்கையையே எடுத்து, சிலுவை என்ற பையன்மேல் ஏற்றி, அவனைத் தயவு தாட்சண்யம் இல்லாமல் கிண்டல் செய்கிறார். பட்டியல் சாதியில் பிறந்தவன் கிறிஸ்தவன் என்பதால் அரசாங்கக் காகிதத்தில் வேறு ஆளாகிவிடுகிறான். 1950-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் விளைவு அது. தெருவில் அவன் சாதி மாறவில்லை, தாலுகா ஆபீஸில் மட்டும் மாறிவிட்டது. இந்த அபத்தத்தை ஆயிரம் மனுக்கள் சொல்லாத விதத்தில் அந்த நாவல் சொல்கிறது. நம்மை நாமே கேலி செய்துகொள்ள முடிகிறது என்றால் நமக்கு வேறு யாருடைய சான்றிதழும் தேவைப்படவில்லை என்று அர்த்தம்.

நான்காவது, வங்காளத்தின் மனோரஞ்சன் பியாபாரி. கிழக்கு வங்கத்திலிருந்து அகதியாக வந்த நாமசூத்திரக் குடும்பம். பள்ளிக்கூடம் போகவில்லை. வளர்ந்த பிறகு சிறையில்தான் எழுத்துக் கற்றுக்கொண்டார். வெளியே வந்து ஜாதவ்பூரில் ரிக்ஷா இழுத்தார். சவாரி இல்லாத நேரத்தில் படிப்பார். படித்ததில் 'ஜிஜீவிஷா' என்ற சொல்லுக்குப் பொருள் தெரியவில்லை. ஒருநாள் ரிக்ஷாவில் ஏறிய அம்மாவைப் பார்த்தால் ஆசிரியை போலத் தெரிந்தது. அவரிடம் கேட்டார். வாழ வேண்டும் என்ற வேட்கை என்று அவர் பொருள் சொன்னார். இந்தச் சொல் உனக்கு எங்கே கிடைத்தது என்று விசாரித்து, தான் நடத்தும் பத்திரிகைக்கு எழுதச் சொன்னார். அந்த அம்மா மகாசுவேதா தேவி. பியாபாரி அப்போது படித்துக்கொண்டிருந்ததும் அவர் எழுதிய புத்தகம்தான்.

இதை வெறும் அதிர்ஷ்டக் கதையாகச் சொல்லிவிடாதீர்கள். அதற்குப் பிறகும் அவர் பல ஆண்டுகள் கூலி வேலை செய்தார், பள்ளி விடுதியில் சமைத்தார், எழுதிக்கொண்டே இருந்தார். அவருடைய தன்வரலாற்றின் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு 2018-இல் தி இந்து பரிசு கிடைத்தது. 2021-இல் மேற்கு வங்கச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பரிசும் பதவியும் பெரிதில்லை. தெரியாத சொல்லுக்குப் பொருள் கேட்க ஒரு ரிக்ஷாக்காரர் கூச்சப்படவில்லை என்பது பெரிது.

ஐந்தாவது, மராட்டியத்தின் பேபி காம்ப்ளே. பல்டணில் சின்ன மளிகைக் கடை வைத்திருந்தவர். பொட்டலம் கட்ட வரும் பழைய செய்தித்தாள்களைப் படித்துப் படித்து வாசிப்பை வளர்த்துக்கொண்டார். பிறகு தானே எழுதத் தொடங்கினார். எழுதியதை வீட்டில் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று இருபது ஆண்டுகள் மறைத்து வைத்திருந்தார். 1986-இல் புத்தகமாக வந்தது. மாயா பண்டிட் 2008-இல் ஆங்கிலத்தில் தந்தார். மகர்வாடாவின் பட்டினியை எழுதும் அதே கையால், அம்பேத்கரின் பேச்சைக் கேட்ட பெண்கள் எப்படி நிமிர்ந்தார்கள் என்பதையும் எழுதுகிறார். அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது நமக்கும் முதுகு நேராகிறது.

கடைசியாக ஒரு சின்ன நூல். ரெட்டைமலை சீனிவாசன் 1939-இல் வெளியிட்ட 'ஜீவிய சரித்திர சுருக்கம்'. 1893-இல் 'பறையன்' என்று சாதிப் பெயரையே இதழுக்குச் சூட்டிய மனிதர், பிறகு லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர், தன் வாழ்க்கையைச் சுருக்கிச் சொல்கிறார். ஒரே மூச்சில் படித்துவிடலாம். நமக்கு வரலாறு இல்லை என்று யாராவது சொன்னால் கையில் கொடுக்க வசதியான அளவு.

ஒரு தோழர் கேட்கக்கூடும்: நாள்தோறும் ஆணவக் கொலை, மலக்குழி மரணம் என்று செய்தி வருகிறது, இந்த நேரத்தில் சிரிப்பைப் பற்றி எழுதலாமா? நியாயமான கேள்வி. என் பதில் இதுதான். கொடுமையை மறைப்பதற்காகச் சிரிக்கச் சொன்னால் அது துரோகம். மேலே சொன்ன ஒரு நூல்கூடக் கொடுமையை மறைக்கவில்லை. அடித்தவனுக்கு நம் அழுகை தெரியும், அது அவன் எதிர்பார்த்ததுதான். நம் வீட்டுத் திண்ணையில் இரவு நாம் அவனைப்போல நடந்து காட்டிச் சிரித்தது அவனுக்குத் தெரியாது. அதையும் சேர்த்து எழுதினால்தான் நம் வாழ்க்கை முழுசாக எழுதப்பட்டதாகும். காயம் மட்டும் எழுதப்பட்டால் நம்மைப் பற்றிய கதையில்கூட அடித்தவன்தான் கதாநாயகன்.

இன்னொன்று, முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளை. அந்தப் பிள்ளை எடுக்கும் முதல் புத்தகத்தில் தன் தெரு அடிவாங்கும் இடமாக மட்டும் இருந்தால், அது இரண்டாவது புத்தகத்தை எடுக்குமா? தன் பாட்டியைப்போல ஒரு பாட்டி புத்தகத்துக்குள் உட்கார்ந்து ஊரையே கேலி பேசுவதைப் பார்த்தால் நிச்சயம் எடுக்கும்.

ஆண்டுதோறும் டிசம்பர் 6 அன்று மும்பை தாதரில் சைத்யபூமிக்கு லட்சக்கணக்கான மக்கள் வருகிறார்கள். கிராமங்களிலிருந்து ரயிலேறி வருகிற உழைக்கும் மக்கள். பக்கத்தில் சிவாஜி பூங்காவில் வரிசை வரிசையாகப் புத்தகக் கடைகள். அண்ணலைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போது கையில் புத்தகம் இருக்கும். மாலைக்குப் பதிலாக நோட்டும் பேனாவும் கொண்டுவரச் சொல்லி அங்கே ஓர் இயக்கமே நடக்கிறது. தன் தலைவரின் நினைவு நாளைப் புத்தகச் சந்தையாக்கிய மக்கள் நாம். நூல்களுக்காகவே பார்த்துப் பார்த்து ராஜகிருஹம் என்ற வீட்டைக் கட்டியவரின் பிள்ளைகள். நமக்கு வாசிப்பை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புத்தகம் கைக்கு எட்ட வேண்டும், அவ்வளவுதான்.

எட்ட வைக்க ஒரு வழி நம் கையிலேயே இருக்கிறது. 1948-இல் வந்த பொது நூலகச் சட்டத்தின்படி, தமிழ்நாட்டில் சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியும் வசூலிக்கிறார்கள். காலனி வீட்டுக்கு வீட்டு வரி கட்டுகிறவரும் இதைக் கட்டுகிறார். ஆகவே ஊர் நூலகத்தின் அலமாரியில் என்ன இருக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை அவருக்கு இருக்கிறது. அடுத்த முறை கிளை நூலகத்துக்குப் போகும்போது 'கிசும்புக்காரன்' இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் எழுதிக் கொடுங்கள். நீங்கள் மட்டும் கொடுத்தால் காகிதம், பத்துப் பேர் கொடுத்தால் கோரிக்கை. இப்போது மாவட்டந்தோறும் அரசு ஆதரவில் புத்தகத் திருவிழா நடக்கிறது. காலனிப் பிள்ளைகளை ஒரு வேன் பிடித்து அழைத்துப் போங்கள். அவர்கள் கையில் கொஞ்சம் பணம் கொடுத்து, எந்தப் புத்தகம் என்று அவர்களையே முடிவு செய்ய விடுங்கள். பேய்க் கதை எடுத்தாலும் திட்டாதீர்கள்.

பட்டியல் போடும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வலி நூல்கள் என்ற உங்கள் அலமாரியிலிருந்து எங்கள் புத்தகங்களைக் கொஞ்ச நாளைக்கு வெளியே எடுங்கள். பயணத்தில் படிக்க, காய்ச்சலில் படுத்திருக்கும்போது படிக்க, பிறந்தநாளுக்குப் பரிசு கொடுக்க என்று நீங்கள் போடும் பட்டியல்களிலும் அவற்றைச் சேருங்கள். பாமாவைப் படித்துச் சிரித்தேன் என்று கூச்சமில்லாமல் எழுதுங்கள். அவர் நீங்கள் சிரிப்பதற்காகவும்தான் எழுதினார்.

ஜெய்பீம்!